உள்ள ஆள் இருக்காங்களா?

என் தம்பி மனைவிக்கு ஒரு டீக்கோப்பையைக் கழுவ ஆறு நாள் ஆகும். பன்னிரண்டாம் மாடிக்கும் பதின்மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆளை வெளியே கொண்டுவர ஆறு நிமிடம் போதும். இந்த இரண்டு பேரும் ஒரே பெண்தான் என்பது என் மண்டையில் ஏற மூன்று வாரம் பிடித்தது. என் மண்டை கொஞ்சம் கெட்டி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் மொத்தம் பதினான்கு மெக்கானிக்குகள், அதில் அவள் ஒருத்திதான் பெண். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ‘பத்து நிமிஷம்’. எங்கிருந்து கூப்பிட்டாலும் பத்து நிமிடத்தில் கருவிப் பையோடு வந்து நிற்பாளாம். என் தம்பியும் வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவான், ஆனால் காரணம் வேறு. “அந்தத் துணியை மடிச்சிடுறியா?” என்று கேட்டால் “பத்து நிமிஷம்” என்பாள். அந்தப் பத்து நிமிடம் முடிய அடுத்த மாதம் பிறந்துவிடும்.

நானோ முப்பத்தொரு வருடம் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். விசில் ஊதினால் ஓட வேண்டும். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். ஓய்வு பெற்ற கையோடு வலது முட்டியில் அறுவை சிகிச்சை. மருத்துவமனை தம்பி வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்ததால் அங்கேயே தங்கினேன். முன்னறை சோபாவில், தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து பார்த்தால் சமையலறை, பால்கனி, வாசல் மூன்றும் தெரியும். குற்றம் கண்டுபிடிக்க அதைவிட வசதியான இடம் ஒரு வீட்டில் இருக்காது.

பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துவைத்த துணி மெஷினுக்குள்ளேயே கிடந்து நாற்றம் எடுக்கும். மறுபடி துவைப்பாள். மறுபடி உள்ளேயே கிடக்கும். ஒரே போர்வை ஒரு வாரத்தில் நான்கு முறை குளித்தது, ஒருமுறைகூடக் காயவில்லை. குளியலறை பல்பு எரியாமல் போய் மூன்று மாதம். ஊரில் உள்ள கட்டிடங்களிலெல்லாம் மின்சாரத்தோடு மல்லுக்கட்டுகிறவளின் வீட்டில், கைபேசி வெளிச்சத்தில் பல் துலக்கினோம். புது பல்பு அட்டைப்பெட்டியோடு கண்ணாடிக்குக் கீழேயே இருந்தது.

தம்பி பேக்கரியில் மாவு பிசைகிறவன். விடியும் முன்பே போய் மத்தியானம் திரும்புவான். வந்ததும் சத்தமில்லாமல் பாதிப் பாத்திரத்தைக் கழுவி வைப்பான்.

“விடுக்கா, அவ ஒண்ணும் வேணும்னு பண்ணல” என்பான்.

“நீ பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசாம வேற யாருக்குப் பேசுவ?” என்று அவன் வாயை அடைப்பேன்.

அவளையே நேருக்கு நேர் சோம்பேறி என்று சொன்னேன். ஒரு தடவையோடு நிறுத்தவும் இல்லை. அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கும் சுவாரசியமாக இருந்திருக்கும். சிரித்துவிடுவாள். “ஆமா அண்ணி, சரியான சோம்பேறி. அது சரி, உங்க முட்டிப் பயிற்சி எந்த அளவுல இருக்கு?” என்பாள். தினமும் மூன்று வேளை முட்டியை மடக்கி நீட்டச் சொல்லி மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த தாள் என் தலையணைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம். வேலை முடிந்து வந்தவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிரே சிங்க் நிறையப் பாத்திரம். ஒரு கை குழாயின் மேல் இருந்தது. அப்படியே இருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். இருபது நிமிடம் ஆனதும் என் பொறுமை போய்விட்டது.

“எழுந்திரும்மா! உக்காந்துகிட்டே இருந்தா ஆச்சா?”

அவள் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

“எழுந்துட்டுத்தான் இருக்கேன் அண்ணி. இருபது நிமிஷமா எழுந்துட்டே இருக்கேன்.”

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. எடுத்தாள், “எத்தனை பேர்? எந்த மாடி?” என்றாள். அடுத்த ஒரு நிமிடத்துக்குள் பூட்ஸ் காலில், பை தோளில், ஆள் படியில். அவள் இறங்குகிற சத்தம் கேட்டது. ஸ்டூல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்படியானால் முடிகிறது! முடிந்தும் செய்யவில்லை! ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவள் பூட்ஸைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, பொறுமையாகச் சொன்னாள்.

“எங்க கம்பெனிக்கு போன் வந்தா முதல் கேள்வி ஒண்ணுதான் அண்ணி. உள்ள ஆள் இருக்காங்களா? இருக்காங்கன்னு சொல்லிட்டா என் காலு தானா ஓடும். வீட்டுல அப்படி இல்ல. பாத்திரம் கழுவணும்னா, கழுவினதை வைக்க இடம் வேணும். அங்க நேத்து கழுவினது இருக்கு. அதை அலமாரியில வைக்கணும். அலமாரி கலைஞ்சு கிடக்கு. எல்லாம் ஒரே நேரத்துல வந்து முன்னாடி நிக்குது. எதை முதல்ல தொடறதுன்னு தெரியாம அப்படியே நின்னுடறேன். டாக்டர் இதுக்கு ஒரு நீளமான பேர் சொன்னாரு. எனக்குப் புரிஞ்சது இவ்ளோதான்: மோட்டார் நல்லா இருக்கு, பட்டனும் எரியுது, நடுவுல போற வயர்லதான் தகராறு.”

நான் பாதி நம்பினேன். மீதிப் பாதியை அன்று சாயங்காலம் தம்பி நம்பவைத்தான். அவள் குளிக்கப் போயிருந்தபோது ஃபிரிட்ஜ் மேலிருந்த மஞ்சள் உறையைக் காட்டினான்.

“இது அவளோட உரிமத்தைப் புதுப்பிக்கிற படிவம்க்கா. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கொடுக்கணும். வர்ற வியாழக்கிழமை நாலு மணி கடைசி. வந்து அஞ்சு மாசமாச்சு, இன்னும் பிரிக்கல.”

“கொடுக்கலன்னா?”

“அடுத்த பரீட்சை ஒரு வருஷம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் லிஃப்ட் பக்கமே போக முடியாது. மேஜையில உக்காந்து ஃபைல் அடுக்கணும். அவளை ஃபைல் அடுக்கச் சொன்னா என்னக்கா ஆகும்?”

என்ன ஆகும் என்று எனக்கே தெரிந்தது. “நீ எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“அஞ்சு வருஷம் என்னென்ன வேலை செஞ்சோம்னு அவ கைப்பட எழுதணும். எனக்கு மாவைத் தவிர என்ன தெரியும்?”

ஞாயிற்றுக்கிழமை காலை என் வழியில் ஒரு முயற்சி செய்தேன். மஞ்சள் உறையை மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்து, அவளை உட்காரவைத்து, என் பழைய விசிலை எடுத்து ஊதினேன். எதிர்வீட்டுக்காரர் சட்டை போடாமல் ஓடிவந்தார். கீழ்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துப் பத்தரை வரை நிறுத்தவில்லை. என் தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்று படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா காய்ந்துபோனது. உறை மறுபடி ஃபிரிட்ஜ் மேல் ஏறியது.

திங்கட்கிழமை நான் ஒரு கணக்குப் போட்டேன். போன் வந்தால் ஓடுகிறாளே, நாமே போன் செய்தால் என்ன? பாத்திரத்தில் ஆரம்பித்து மெல்ல உறைக்குப் போகலாம். ஃபிரிட்ஜ் கதவில் தம்பி இரண்டு எண்களை எனக்காக ஒட்டி வைத்திருந்தான். ஒன்று அவளுடையது. அவள் லிஃப்ட் குழிக்குள் இருந்தால் சிக்னல் கிடைக்காது என்பதால், இரண்டாவது கம்பெனியின் அவசர எண். மூக்குக்கண்ணாடி எங்கேயோ கிடந்தது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன்.

“வணக்கம், உள்ள ஆள் இருக்காங்களா?” என்றது ஒரு பெண் குரல்.

யாரோ கூட வேலை செய்கிறவள் அவள் போனை எடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். “நான்தான் இருக்கேன். வேற யாரு இருப்பா?”

“பயப்படாதீங்கம்மா. எந்த இடம்? எந்த மாடி?”

சொன்னேன். கட்டிடத்தின் பெயர், இரண்டாவது மாடி.

“எவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்க?”

“மூணு வாரமா.”

அந்தப் பக்கம் ஏதோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. “நகர முடியுதாம்மா?”

“முட்டியில ஆபரேஷன். எப்படி நகர்றது? நகர முடிஞ்சா நானே கழுவிட மாட்டேனா?”

“பயப்படாதீங்க. மூச்சை மெதுவா விடுங்க. வந்துட்டே இருக்கோம்.”

நல்ல மரியாதையான பெண் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

பதினோரு நிமிடத்தில் எங்கள் கட்டிட லிஃப்டை யாரோ படபடவென்று தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு படியில் தடதடவென்று பூட்ஸ். கதவைத் திறந்துகொண்டு என் தம்பி மனைவி உள்ளே வந்தாள். தலையில் ஹெல்மெட், கையில் டார்ச், முகமெல்லாம் வேர்வை.

“அண்ணி! நீங்க லிஃப்டுல மாட்டிக்கலையா?”

“நான் ஏன் லிஃப்டுல மாட்டிக்கிறேன்? பாத்திரம் கழுவத்தான் கூப்பிட்டேன்.”

அவள் கைபேசியில் வந்திருந்த வேலை உத்தரவை என்னிடம் நீட்டினாள். ‘இரண்டாம் மாடி. உள்ளே ஒரு பெண். காலில் அடி. நேரம்: மூன்று வாரம் என்கிறார், பதற்றத்தில் இருக்கிறார்.’ அதை வாசித்துவிட்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குத் தையல் போட்ட இடம் வலித்தது. அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்தாள்.

பிறகுதான் அது நடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உத்தரவை மறுபடி பார்த்தாள். “இதை முடிச்சாச்சுன்னு போடாம நான் அடுத்த வேலைக்குப் போக முடியாதே” என்றாள். எழுந்தாள். பூட்ஸோடும் ஹெல்மெட்டோடும் சமையலறைக்குப் போனாள். பதினான்கு நிமிடத்தில் சிங்க் காலி. போகிற வேகத்தில் குளியலறை பல்பையும் மாட்டிவிட்டு, வாடிக்கையாளர் கையெழுத்துக் கட்டத்தில் என் விரலால் கிறுக்கச் சொன்னாள். நான் வாயைப் பிளந்துகொண்டு கிறுக்கினேன்.

அரை மணியில் அந்த மரியாதைக் குரல் என்னைக் கூப்பிட்டது. இந்த முறை மரியாதை குறைவாகத்தான் இருந்தது. கம்பெனியில் எல்லோரும் அவளை கன்ட்ரோல் அக்கா என்பார்களாம். எந்த மெக்கானிக் எங்கே போக வேண்டும் என்று உத்தரவு போடுகிறவள். அவசர எண்ணில் பாத்திரத்துக்குப் புகார் கொடுத்ததற்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். முப்பத்தொரு வருடம் திட்டியவளுக்கு ஒருநாள் திட்டு வாங்கத் தெரியாதா? அவள் ஓய்ந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். குழாயின் மேல் இருந்த கையை, பல்பை, மஞ்சள் உறையை, வியாழக்கிழமையை.

“பத்து நிமிஷத்துக்கா இப்படி?” என்றாள், நம்பாமல். பிறகு, “பொய் உத்தரவெல்லாம் நான் போட மாட்டேன்மா. நெசமாவே ஒருத்தர் மாட்டிக்கிட்டு இருக்கும்போது ஆள் இல்லாமப் போயிடும்” என்றாள்.

“தப்புதான்.”

“ஆனா ஒண்ணுலேருந்து ஒண்ணே முக்கால் வரைக்கும் எனக்குச் சாப்பாட்டு நேரம். அப்ப என் சொந்த போன்ல நான் யாருக்கு வேணும்னாலும் பேசுவேன். அதைக் கேக்க எவனுக்கும் உரிமை கிடையாது.”

புதனும் வியாழனும் என் தம்பி மனைவி விடுப்பு எடுத்தாள். புதன் காலை ஒன்பது மணிக்குப் படிவத்தின் முன் உட்கார்ந்தவள் ஒரு மணி வரை எழுதியது தன் பெயரை மட்டும். பேசாமல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்தாள். எட்டாம் வகுப்பு, ரெட்டைப் பின்னல். விசில் ஊதியதும் எல்லோரும் ஓடிவிடுவார்கள், அவள் மட்டும் சுண்ணாம்புக் கோட்டிலேயே நிற்பாள். நின்றுகொண்டு என்னையே பார்ப்பாள். அவள் மதிப்பெண் அட்டையில் ‘சோம்பல்’ என்று நான்தான் எழுதினேன். அந்தக் கோட்டில் அவளும் ஓடிக்கொண்டேதான் இருந்தாளோ என்னவோ. எனக்கு வெட்கமாக இருந்தது, யாரிடம் போய்ச் சொல்வது?

சரியாக ஒரு மணிக்குப் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“உள்ள ஆள் இருக்காங்களா?” பின்னால் சாப்பாட்டு டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “இருக்காங்க. ஒருத்தி” என்றாள்.

“எந்த மாடியில நிக்குது?”

“முதல் பக்கம். முதல் கேள்வி.”

“பக்கத்து மாடி எது?”

“ரெண்டாவது கேள்வி. பொறந்த தேதி.”

“அங்க கொண்டுவந்து நிறுத்து.”

எழுதினாள். கன்ட்ரோல் அக்கா மென்றுகொண்டே “அடுத்தது?” என்றாள். இப்படியே நாற்பத்தைந்து நிமிடம். ஒரு இடத்தில் ‘செய்த பணிகள்’ என்று ஒரு பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது. அவள் பேனா நின்றுவிட்டது. “மொத்தத்தையும் பாக்காத, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த மருத்துவமனை லிஃப்டு, ஸ்ட்ரெச்சரோட மாட்டிக்கிட்டாங்களே, அது எந்த மாசம்?” என்றது குரல். அவள் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல முகம் மாறியது. அந்தப் பக்கம் போதாமல் தாள் ஒட்டி எழுத வேண்டியதாயிற்று.

வியாழன் மதியமும் அதே போன், அதே கேள்வி. ஒன்றேமுக்காலுக்குப் படிவம் முடிந்தது. “ஆள் வெளிய வந்தாச்சுன்னு சொல்லட்டுமா?” என்று இவள் துள்ளினாள். வேலை முடிந்தால் மெக்கானிக்குகள் கன்ட்ரோலுக்குச் சொல்கிற வார்த்தை அது.

“சீல் விழட்டும், அப்புறம் சொல்லு” என்று அக்கா வைத்துவிட்டாள்.

வீட்டை விட்டுக் கிளம்ப இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆனது. புகைப்படம் எங்கே என்று தேடியதில் பாதி, எந்தச் செருப்பு என்று நின்றதில் பாதி. கடைசியில் நான், “பூட்ஸ் போடு, பையை மாட்டு” என்றேன். வேலைக்கான பூட்ஸ் காலில் ஏறியதும் உடம்பு நிமிர்ந்துவிட்டது. நானும் ஊன்றுகோலோடு டாக்ஸியில் ஏறிக்கொண்டேன். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்தது.

உரிம அலுவலகம் நான்காவது மாடியில். போய்ச் சேர்ந்தபோது மூன்று நாற்பத்தொன்று. லிஃப்ட் வாசலில் ‘பழுது’ என்று ஒரு அட்டை தொங்கியது.

கெட்டது குடி. அவள் கண் பளபளத்தது. லிஃப்ட் கதவு பாதி மூடி, மறுபடி திறந்து, மறுபடி பாதி மூடிக்கொண்டிருந்தது. “பாருங்க அண்ணி, கதவு பள்ளத்துல ஏதோ அடைச்சிருக்கு, ஒரே நிமிஷம்” என்று குனிந்தாள். காவலாளி, “காலையிலேருந்து இப்படித்தான், யாருமே வரலம்மா” என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். பள்ளத்திலிருந்து ஒரு காகித கிளிப்பை நெம்பி எடுத்தவள் அதோடு விடவில்லை, அவள் கை மறுபடி பைக்குள் போய்விட்டது. மஞ்சள் உறை தரையில் கிடந்தது. மூன்று நாற்பத்துநான்கு.

நான் என் கைப்பையைத் திறந்தேன். விசிலை எடுத்தேன். இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினேன்.

கீழ்த்தளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “படி!” என்று கத்தினேன். அவள் உறையை அள்ளிக்கொண்டு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை நகராத அதே ஆள், இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினாள். அன்றைக்கு அவள் நின்றுகொண்டிருந்தாள், இன்றைக்கு ஏற்கெனவே பாதி வழி வந்திருந்தாள். விசிலால் அவ்வளவுதான் முடியும் என்று எனக்கு அறுபது வயதில் புரிந்தது.

காவலாளி எனக்கு ஒரு நாற்காலி போட்டார். மணி நான்கு ஆனது. நான்கைத் தாண்டியது. அவள் இறங்கி வரவில்லை. மூன்று வாரம் பழகிய ஊன்றுகோலை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். கதவைச் சாத்திவிட்டார்களா? மேலே எங்காவது சுவரைப் பார்த்து நின்றுவிட்டாளா? நான்கு பதினைந்துக்கு என் போன் அடித்தது. கன்ட்ரோல் அக்கா.

“அவ போன் எடுக்கல. என்னாச்சு?”

“தெரியலம்மா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது பின்னால் ‘டிங்’ என்று மணி அடித்தது. நான் திரும்பினேன். லிஃப்ட் கதவு ஒரே சீராக, முழுசாகத் திறந்தது. உள்ளே நாலைந்து அலுவலர்கள் கைப்பையோடு வீட்டுக்குக் கிளம்பி நின்றார்கள். அவர்களுக்கு நடுவே என் தம்பி மனைவி. ஒரு கையில் வளைந்து நசுங்கிய அந்தக் காகித கிளிப், மறு கையில் சீல் குத்திய ரசீது, காதுவரை சிரிப்பு. மூன்று ஐம்பத்திரண்டுக்கே சீல் விழுந்துவிட்டதாம். அதற்குப் பிறகு மேல்மாடிக் கதவையும் பார்க்காமல் வர மனசு கேட்கவில்லையாம்.

போனில் அக்கா கத்திக்கொண்டிருந்தாள். “ஹலோ? அம்மா? உள்ள ஆள் இருக்காங்களா?”

சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்.

“இல்லம்மா. ஆள் வெளிய வந்தாச்சு.”